ஃபிரெஞ்ச் ஃபிரைஸ்: பெயரும் பிறப்பும்

உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு அரிந்து, எண்ணெயில் முங்கப் பொரித்தால் ஃபிரெஞ்ச் ஃபிரைஸ். பெயரில் பிரான்ஸ் இருந்தாலும், இது தங்கள் பண்டம் என்று பெல்ஜியக்காரர்கள் உரிமை கோருகிறார்கள்.

அவர்கள் சொல்லும் கதை இது: பெல்ஜியத்தின் நமூர் நகரப் பக்கத்து ஏழைகள் மியூஸ் ஆற்றின் பொடிமீனைப் பொரித்துச் சாப்பிடுவார்கள். 1680 குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிட, கிழங்கை மீன்போல நறுக்கிப் பொரித்தார்களாம். ஆனால் அந்த வட்டாரத்துக்கு உருளைக்கிழங்கு வந்ததே 1735 வாக்கில்தான் என்கிறார் உணவு வரலாற்றாளர் பியர் லெக்லெர்க். அன்று கொழுப்பு விலை கூடிய பொருள். ஏழைக் குடியானவர் அதைச் சட்டி நிறைய ஊற்றிக் கிழங்கு பொரித்திருக்க முடியாது என்றும் சொல்கிறார். அவரே பெல்ஜியர் என்பதால் இந்தச் சொல்லுக்குத் தனி எடை உண்டு. அவர் கை காட்டுவது பாரிஸ் தெருக்கடைகளை. அந்நகரின் பழைய பாலமான பான் நெஃப் பெயரில், தடிமனாக அரியும் கிழங்கை இன்றும் 'பொம் பான் நெஃப்' என்கிறார்கள்.

முதல் உலகப் போரில் பெல்ஜியத்துக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள், அங்கே பிரெஞ்சு பேசக் கேட்டு இப்பெயரை வைத்தார்கள் என்பதும் நிற்காது. 1856லேயே 'ஃபிரெஞ்ச் ஃபிரைடு பொட்டேட்டோஸ்' என்று சமையல் நூலில் அச்சாகிவிட்டது. பிரெஞ்சு முறையில் பொரித்த கிழங்கு என்பதே அதன் பொருள். அதாவது, பெயர் சுட்டுவது சமைக்கும் முறையை; பிறந்த ஊருக்கு அது சான்று ஆகாது. 2003இல் ஈராக் போரைப் பிரான்ஸ் எதிர்த்ததால், அமெரிக்க நாடாளுமன்ற உணவகங்களில் இதை 'ஃபிரீடம் ஃபிரைஸ்' என்று மாற்றினார்கள். 2006க்குள் பழைய பெயரே திரும்பிவிட்டது.

தமிழில் 'பிரெஞ்சு வறுவல்' என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். வழக்குத் தீராத நாட்டுப்பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? 'உருளைக்கிழங்கு வறுவல்' என்றால் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் மசாலா வறுவலோ, வட்ட வட்டமான சிப்ஸோதான் நினைவுக்கு வரும். 'பொரியல்' என்றால் ஈழத்தில் பொருந்தும், அங்கே மீன் பொரியல், கத்தரிக்காய்ப் பொரியல் எல்லாம் எண்ணெயில் பொரித்தவை. தமிழ்நாட்டிலோ தேங்காய்த் துருவல் போட்ட பீன்ஸ் பொரியல் ஆகிவிடும். நம் ஹோட்டல்களில் ஏற்கெனவே 'ஃபிங்கர் சிப்ஸ்' என்ற பெயர் புழங்குகிறது. அதை ஒட்டி 'விரல் வறுவல்' என்றே எழுதலாம்.