பெயர்தான் பாறை

முக்குளிக்கப் பழகுபவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: களைப்பாக இருந்தாலும் பவளத்தின் மேல் காலை ஊன்றாதீர்கள். எல்லாம் பெயரால் வந்த வினை. பவளப்பாறை என்று சொல்லிவிட்டோம், மிதிக்கிறார்கள். ஆனால் அதன் மேல் தோல்போலப் படர்ந்திருப்பது உயிருள்ள விலங்கு. எவ்வளவு பெரிய மூளைப் பவளமாக இருந்தாலும் உயிர் இருப்பது மேலே சில மில்லிமீட்டரில்தான். அடியில் இருப்பதெல்லாம் அது கட்டிவிட்டு மேலேறிய சுண்ணாம்புக் கூடு.

இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடம் முழுக்கக் குட்டிக் கைகள் நீண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பாலிப். நடுவில் வாய், சுற்றிலும் கொட்டும் உணர்கொம்புகள். மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும். ஆனாலும் இந்த வேட்டை அதன் வயிற்றுக்குப் போதாது. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு சமைத்துப் போடுவதுதான் பெரும்பங்கு சாப்பாடு. அதனால்தான் வெளிச்சம் எட்டும் தெளிந்த நீரில் பவளத்திட்டு செழிக்கிறது.

மான்கொம்புப் பவளம் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர்கூட வளரும். உருண்டைப் பவளங்களுக்கு 1 சென்டிமீட்டரே பெரிது. முழங்கால் உயரத்தில் ஒன்றைப் பார்த்தால் அது உங்களைவிட மூத்ததாக இருக்கலாம். எரிமலைத் தீவு மெல்ல அமிழ அமிழ, பவளம் மேல்நோக்கி வளர்ந்து வளையத் தீவாகிறது என்று 1842-இல் டார்வின் எழுதினார். 1952-இல் பசிபிக்கின் எனிவெடோக் என்ற வளையத் தீவில் துளையிட்டார்கள். 1,200 மீட்டருக்கும் மேல் சுண்ணாம்பு. அதற்கும் கீழேதான் எரிமலைப் பாறை.

கடல்தரையில் 1 சதவீதம்கூட இல்லாத இந்தத் திட்டுகளை அண்டித்தான் கடல் உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாழ்கிறது. ஒளியப் பொந்து, மேயப் பாசி, முட்டையிட மறைவிடம் எல்லாம் அங்கே உண்டு. கிளிமீன் பாசியைச் சுரண்டும் கறுக்முறுக் சத்தம் நீருக்குள் நன்றாகக் கேட்கும். கூடவே கொறித்த சுண்ணாம்பை வெண்மணலாகக் கழித்துவிட்டுப் போகும். சுரண்ட ஆளில்லாவிட்டால் பவளக் குஞ்சு ஒட்ட இடமே இருக்காது. 1983-இல் கரீபியன் கடலில், பாசியை மேயும் முட்பந்து போன்ற கடல் முள்ளெலிகள் நோயில் மடிந்தபோது, பல திட்டுகளைப் பாசி மூடிவிட்டது.

வெளுத்துப்போன பவளத்தைப் படமெடுத்து "என்ன அழகு!" என்று அனுப்புகிறார்கள். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசையும். கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீர் சூடானால் போதும், நுண்பாசிகள் வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். அந்த வெள்ளை சாவு அல்ல, பட்டினி. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பழுப்புப் பாசி போர்த்திவிடும். அந்த வாரங்களில் நங்கூரமோ கலங்கலோ ஒரு கால் மிதியோ பட்டால் அதற்குத் தாங்காது. வெளுத்திருக்கும் திட்டில் நான் யாரையும் இறக்குவதில்லை, நன்றாக நீந்துபவர்களைக்கூட.