பட்டா நிலத்துத் தேக்கு உங்களுடையதுதான்: பயந்துகொண்டு பாதி விலைக்கு விற்காதீர்கள்

மறுபடியும் அதே கதை. வரப்போரத்தில் கால் நூற்றாண்டாக வளர்த்த தேக்கு முழுவதையும் ஒரு விவசாயி தரகர் ஒருவரிடம் மொத்தமாகப் பேசி விற்றுவிட்டார். தொகையைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. "ஏங்க இவ்வளவு மலிவா கொடுத்தீங்க?" என்றால், "பர்மிட்டெல்லாம் அவரே பாத்துக்கிறேன்னாருங்க. ஃபாரஸ்ட்காரங்க வம்பு நமக்கெதுக்கு?" என்கிறார். வேளாண் காடு வளர்ப்பில் ஆலோசனை சொல்லிப் பிழைக்கும் எனக்கு இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டா நிலத்தில் நீங்கள் நட்டு வளர்த்த தேக்கு உங்கள் சொத்து. அப்பா நட்டது என்றாலும் உங்கள் சொத்துதான். வனத்துறை நாற்றங்காலில் இலவசமாக வாங்கி வந்த கன்று என்றாலும் அப்படித்தான். இலவசக் கன்று கொடுத்ததால் மரம் அரசுடைமை ஆகிவிடாது. சந்தன மரமே பட்டா நிலத்தில் இருந்தால் இன்றைக்கு நிலத்துக்காரருக்குச் சொந்தம். அதை வெட்டும் முறையும் விற்கும் முறையும் வேறு, அவ்வளவுதான். "தேக்கு வளர்ந்தால் கவர்மெண்ட் எடுத்துக்கும்" என்று டீக்கடையில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு வேர் உண்டு. நீலகிரியின் கூடலூர்ப் பகுதிக் காடுகளில் நடந்த மரவெட்டை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. தமிழ்நாட்டின் வனப்பகுதிகளில் மரம் வெட்ட முழுத் தடை என்றது. ஊருக்குள் வந்து சேர்ந்தது இந்த முதல் வரி மட்டும்தான். காடல்லாத இடத்தில், தானாக முளைக்காமல் மனிதர் நட்டு வளர்த்த மரங்களுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று அதே உத்தரவில் இருக்கிறது. முப்பது வருடமாகியும் அந்த வரி பலருக்குப் போய்ச் சேரவில்லை. சேராததால் லாபம் பார்ப்பவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அரசின் கொள்கையே உங்கள் பக்கம்தான் நிற்கிறது. 1988 தேசிய வனக் கொள்கை, மரத்தை நம்பிய ஆலைகள் தங்களுக்கு வேண்டிய கட்டையை விவசாயிகளோடு நேரடியாகச் சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும், காட்டு மரத்தைச் சலுகை விலைக்கு எதிர்பார்க்கக் கூடாது என்றது. கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு தொடங்கிய கரூர் காகித ஆலை இன்று விவசாயிகளின் சவுக்கையும் தைல மரத்தையும் வாங்குகிறது. ஒட்டுப்பலகைக்கு மலைவேம்பு வயலிலிருந்து போகிறது. வயலில் விளையும் ஒவ்வொரு டன்னும் காட்டின் மேல் விழ வேண்டிய சுமையைக் குறைக்கிறது. 2014-இல் வேளாண் காடுகளுக்கென்றே தேசியக் கொள்கை வந்தது. தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கப் பசுமைத் தமிழகம் இயக்கம் நடக்கிறது. காப்புக்காட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இலக்கை எட்ட முடியாது. பட்டா நிலத்தில் மரம் நின்றாக வேண்டும். ஒருமுறை ஏமாந்த விவசாயி மறுபடி கன்று நடுவாரா? எனக்குக் கவலை அதுதான்.

ஏமாற்று அளவிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு துண்டின் நடுச்சுற்றளவு 40 அங்குலம், நீளம் 10 அடி என்று வையுங்கள். உள்ளபடியே அதில் இருப்பது ஏறக்குறைய 8.8 கன அடி. சுற்றளவை நாலாக வகுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுப்பது சந்தை வழக்கம். அப்படிப் போட்டால் 6.9 கன அடி. அறுக்கும்போது கழியும் புறக்கட்டைக்காக விடும் கழிவு இது. எல்லா இடத்திலும் உள்ள கணக்கு, இதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டேப்பை நடுவில் சுற்றாமல் ஒல்லி முனையில் சுற்றுகிறார்கள். அங்கே 32 அங்குலம் என்றால் கணக்கு 4.4-க்கு இறங்கிவிடும். உள்ளபடியே இருந்த 8.8-இல் சரிபாதி போயிற்று. இத்தனைக்கும் அளந்து வாங்குபவர் நல்லவர். முக்கால்வாசிப் பேர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மொத்தமா இவ்வளவு" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த விலைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். டேப்பை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் வேலை ஒன்றும் மலையல்ல. பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போய், மரம் உங்கள் நிலத்தில்தான் நிற்கிறது என்று சான்று வாங்குங்கள். வரப்போர மரம் என்றால் முதலில் நிலத்தை அளந்துவிடுங்கள். ஓடைப் புறம்போக்கில் நிற்கும் மரத்தைப் பட்டா மரத்தோடு சேர்த்து வெட்டிவிட்டு, "பக்கத்துலதானே சார்" என்று வந்து நிற்பவர்களுக்கு என்னால் உதவ முடியாது.

பிறகு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கோடரி விழும் முன்பே கொடுங்கள், விழுந்த பிறகு வேண்டாம். துண்டுகளில் வனத்துறையின் சுத்தியல் முத்திரை விழுந்து, மரத்தை ஏற்றிச் செல்வதற்கான கடவுச்சீட்டு கையில் வந்த பிறகுதான் லாரி கிளம்ப வேண்டும். சீட்டில் உள்ள அளவும் வண்டியில் உள்ள அளவும் ஒன்றாக இருக்கட்டும். கூடுதலாக நாலு துண்டை அடியில் போட்டு அனுப்பும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சோதனைச் சாவடியில் பிடிபட்டால் முழு வண்டியும் நின்றுவிடும்.

சந்தனத்தில் நீங்களாகக் கை வைக்கவே கூடாது. மாவட்ட வன அலுவலருக்குத்தான் எழுத வேண்டும். ஈட்டி மரத்தையும் கேட்காமல் தொடாதீர்கள். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப் பகுதிகளுக்கு 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. சமவெளியில் சரியென்று நடப்பது அங்கே குற்றமாகலாம். சவுக்கு வைத்தவர்களுக்கு இவ்வளவு அலைச்சல் கிடையாது.

வனத்துறை நண்பர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கிடங்கு ஏலத்தில் தேக்கு என்ன விலைக்குப் போனது என்பதைச் சுற்றளவு வாரியாக எழுதி, ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகச் சுவரிலும் தமிழில் ஒட்டுங்கள். மனுவை இத்தனை நாளில் முடிப்போம் என்றும் அதிலேயே போடுங்கள். மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ மரத்தை விற்பவரால் மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. அந்த அவசரத்தில்தான் தரகர் உள்ளே வருகிறார்.

விற்றவர்கள் ஒன்று செய்யுங்கள். பொக்லைன் வைத்து, வெட்டிய மரத்தின் அடித்தூரைப் பிடுங்காதீர்கள். அதிகாரி வந்து தூரை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது ஒரு காரணம். வெட்டிய தேக்கு மறுபடி நன்றாகவே துளிர்க்கும் என்பது இன்னொன்று. தரையை ஒட்டி வெட்டி, வரும் கிளைப்புகளில் நேராகப் போகும் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். வேர் ஏற்கெனவே இறங்கியிருப்பதால் புதுக் கன்றைவிட வேகமாக எழும். முதல் ஒரு வருடம் ஆடு மட்டும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.