“சூட்டுனால வந்திருக்கும்” என்று யார் சொன்னது?

பழைய வண்ணாரப்பேட்டையில் பல வருடங்களாகப் பெண்கள் நல மருத்துவம் பார்க்கிறேன். போன வாரம் காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் வந்தார். வயது 59. மாதவிடாய் நின்று எட்டு வருடம். பொங்கலுக்கு முன்னாலேயே லேசாக ரத்தம் படத் தொடங்கியிருக்கிறது. என்னிடம் வந்தது ஆடியில். நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இளநீர் குடித்தாராம், வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடித்தாராம், நண்டு, கோழியை நிறுத்தினாராம். அதற்கும் கேட்காமல் போகவே மருந்துக் கடையில் ரத்தம் நிற்கிற மாத்திரை.

“சூட்டுனால வந்திருக்கும்னு நெனச்சேன் டாக்டரம்மா. நாள் முழுக்க வெயில்லதானே குந்திக்கினு கீறேன்.”

கையில் ஒரு துணிக்கடைப் பை. உள்ளே நான்கு மாதத்துக்கு முன் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட். அதில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 17 மில்லிமீட்டர் என்று அச்சடித்திருந்தது. மாதவிடாய் நின்று ரத்தம் படுகிற பெண்ணுக்கு அது 4 மில்லிமீட்டரைத் தாண்டினாலே சதைப் பரிசோதனைக்கு (பயாப்ஸி) அனுப்புவோம். ரிப்போர்ட்டில் ‘கேன்சர்’ என்று எங்கும் எழுதவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று மகன் சொல்லிவிட்டாராம். ஸ்கேன் எடுக்கிறவர் அளவைத்தான் எழுதுவார். அதைப் படித்து முடிவு சொல்ல வேண்டியது மருத்துவர். காசு கொடுத்து ஸ்கேன் எடுத்துவிட்டு அதைப் பீரோவில் பூட்டி வைப்பதில் என்ன லாபம்?

ஒரே கதையை எத்தனை பேர் வாயால் கேட்பது? கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று ஊர்ப் பெயர்தான் மாறுகிறது. சூடு, இல்லாவிட்டால் “கெட்ட ரத்தம், வெளியே போறது நல்லதுதான்”, இல்லாவிட்டால் “நின்னது திரும்பி வந்துடுச்சு”.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் அது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வருவது எதுவும் மாதவிடாய் இல்லை. திரும்பி வராது. ஒரு வருடம் கழித்து வந்தாலும் சரி, பதினைந்து வருடம் கழித்து வந்தாலும் சரி. கொட்டினாலும் சரி, பாவாடையில் ஒரு பொட்டு கறை பட்டாலும் சரி. சிவப்பாக இல்லை, காபி நிறத்தில்தான் இருந்தது என்பீர்கள். அதுவும் ரத்தம்தான். ஒரே நாள் வந்து நின்றுவிட்டது என்பீர்கள். நின்றாலும் வந்தது வந்ததுதான். நண்டு சாப்பிட்டதால் கர்ப்பப்பையிலிருந்து ரத்தம் வராது. சித்திரை வெயிலாலும் வராது. உடம்பில் தேங்கிக் கிடந்து கடைசியாக வெளியேற ‘கெட்ட ரத்தம்’ என்று ஒன்று கிடையவே கிடையாது.

பயப்படவும் வேண்டாம். இப்படி வருகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் உள்சவ்வு வறண்டு மெலிந்திருக்கும், அல்லது சின்னதாக ஒரு சதை வளர்ந்திருக்கும். ஆனால் அந்தப் பத்தில் ஒருவர் யார் என்று முகத்தைப் பார்த்து என்னாலும் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டு அக்காவாலும் சொல்ல முடியாது. கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோயில் ஒரு நல்ல விஷயம் உண்டு. அது ஆரம்பத்திலேயே ரத்தம் காட்டிவிடும். அப்போதே வந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும். அதைத்தான் இளநீர் குடித்து வீணாக்குகிறோம்.

உடல் பருமன், சர்க்கரை நோய் உள்ளவர்கள், குழந்தை பெறாதவர்கள், மார்பகப் புற்றுநோய்க்காக டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டதால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். அதில் கட்டுவது குழாயை மட்டும்தான், கர்ப்பப்பை அப்படியே இருக்கிறது. இன்னொன்று, இதை எங்கள் ஆட்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். உள்ளே பரிசோதிக்காமல் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். நோயாளிகளை மட்டும் திட்டி என்ன பயன்?

அடுத்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். “அவர் போய் பத்து வருஷமாச்சு, எனக்கு எதுக்கும்மா அந்த டெஸ்ட்டு?” என்று கேட்பவர்கள் நிறைய. இந்த நோய் வருகிறவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் அது உடலுறவில் தொற்றும் ஹெச்.பி.வி. வைரஸால்தான் வருகிறது. அந்தக் கிருமி என்றோ தொற்றி, பல வருடம் சத்தமில்லாமல் இருந்து, பிறகுதான் வேலையைக் காட்டும். கணவர் இறந்துவிட்டதால் அது கிளம்பிப் போய்விடாது. 30 முதல் 65 வயதுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். அங்கே அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் முறை மாதவிடாய் நின்றவர்களுக்கு அவ்வளவு துல்லியமாக இருக்காது, பார்க்க வேண்டிய இடம் உள்ளே போய்விடும். மாதவிடாய் நின்றவர்கள் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பது) அல்லது ஹெச்.பி.வி. பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பேத்திக்கு 9 வயது ஆகிவிட்டதென்றால் ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் அப்படியே விசாரித்துக்கொண்டு வாருங்கள்.

மார்பகம். கட்டி வலித்தால் பத்து பேரிடம் காட்டுகிறோம். பெரும்பாலும் வலிக்காத கட்டிதான் ஆபத்து, அதைத்தான் யாரும் காட்டுவதில்லை. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலோ, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆனாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ மறுநாளே வர வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர்கள் மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

அப்புறம் அந்தச் சுருக்குப் பை. எங்கள் பக்கத்து ஆயாக்கள் பாதிப் பேரின் இடுப்பில் வெற்றிலை, பாக்கு, புகையிலை இருக்கும். புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குதான் என்கிறார்கள். பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இருபது வருடங்களுக்கு முன்பே அறிவித்துவிட்டது. வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் முழுதாகத் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் காட்டுங்கள்.

“கத்தி வெச்சா பரவிடும்” என்று சதைப் பரிசோதனைக்குப் பயந்து நாட்டு மருந்தைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பரவுவது தாமதத்தால். ‘அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு எழுதித் தர்றேன்’ என்றதும் வீடே அழுகிறது. அங்கே போய் பிழைத்து வந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., ஸ்டான்லி அரசு மருத்துவமனைகள் எல்லாம் பஸ் தூரம்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்து வையுங்கள்.

“ரத்தம் நின்னதும் வரேன்” என்று சொல்லாதீர்கள். பட்டுக்கொண்டிருக்கும்போதே வாருங்கள், எங்களுக்கு அருவருப்பு கிடையாது. ஸ்கேன், பழைய சீட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். மகள்களே, மருமகள்களே, அம்மாவிடமும் மாமியாரிடமும் நீங்களாகக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் எங்கள் பக்கத்து எம்.சி. ரோட்டுக்குப் புடவை எடுக்க வரும்போது கையோடு அழைத்து வாருங்கள். கேட்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.