லோச் என்றால் அயிரை. ஆனால் கடையில் கிடைப்பது?

வண்ணமீன் கடையில் போய், பாசி தின்னும் லோச் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு மீனைத்தான் பிடித்துக் கொடுப்பார்கள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்கும்; பழுப்பாகவோ பொன்மஞ்சளாகவோ இருக்கும். சைனீஸ் ஆல்ஜி ஈட்டர், சக்கிங் லோச் என்று அதற்கு இரண்டு பெயர்கள். இரண்டுமே ஏமாற்றுகிற பெயர்கள்.

முதலில் 'லோச்'. பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்று ஆங்கிலத்துக்குப் போய் இப்படி ஆனது. ஆற்றடியில் வாழும், உடல் நீண்ட, வாயைச் சுற்றி மீசை முளைத்த சிறு மீன்களுக்கு அது பெயர். இதற்குத் தமிழில் புதிதாகச் சொல் படைக்க வேண்டியதே இல்லை. அயிரை இருக்கிறது. மதுரைப் பக்கம் பாலில் நீந்தவிட்டு மண்ணைக் கக்கவைத்துக் குழம்பு வைப்பார்களே, அதே அயிரைதான். உயிரியலிலும் அது லோச் இனமே. அதன் அறிவியல் பெயரில் வரும் 'தெர்மாலிஸ்' வெப்பத்தைக் குறிக்கிறது. திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்த மீனை வைத்துத்தான் அதை முதலில் விவரித்தார்கள்.

சொல்லும் பழையது. குறுந்தொகை 128ஆம் பாட்டில் பரணர், கீழ்க்கடலோரத்தில் சிறகு ஓய்ந்துபோன ஒரு நாரை, மேற்கே தொண்டித் துறையின் அயிரைக்கு ஏங்கித் தலையைத் தூக்குவதைச் சொல்கிறார். 'அயிர்' என்றால் நுண்மணல். மணலுக்குள் புதைந்துகொள்ளும் மீனுக்கு அதிலிருந்தே பெயர் வந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

சரி, கடையில் கிடைப்பது அயிரையா? வாயைப் பாருங்கள், மீசையே இருக்காது. அது தனிக் குடும்பத்தைச் சேர்ந்த கைரினோகைலஸ் என்னும் மீன். கிரேக்கத்தில் 'தலைப்பிரட்டை உதடு' என்று பொருள். தென்கிழக்கு ஆசியாவின் மீகாங், சாவ் பிரயா ஆறுகள்தான் அதன் ஊர். சீனப் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. வாயால் பாறையைப் பிடித்திருக்கும்போது வாய்வழியே நீர் இழுக்க முடியாது அல்லவா? அதற்காகச் செவுளின் மேற்புறத்தில் தனியாக ஒரு துளை வைத்திருக்கிறது. அருமையான அமைப்பு.

ஆனால் அமைதியான தொட்டிக்கு ஆகாது. குட்டியில் பாசியை நன்றாக மேயும். வளர வளர 25 செ.மீ. தாண்டும், இடத்துக்குச் சண்டை போடும், தட்டை உடம்பு மீன்களின் மேல் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும். என் ஏஞ்சல் மீன் ஒன்றின் விலாவில் வட்டவட்டமாகப் புண் வந்த பிறகுதான் எனக்கே இது புரிந்தது. பெயரை நம்பி வாங்கியது என் மீனுக்கு வினையானது.

பாசி மேயும் உண்மையான லோச்சுகளும் உண்டு. ஓடைப் பாறையில் தட்டையாக ஒட்டி வாழும் ஹில்ஸ்ட்ரீம் லோச்சுகள் அவை. வியட்நாமின் செவெல்லியா இதில் பேர்போனது; நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பவானியா இருக்கிறது. இவற்றைக் 'கல்லொட்டி அயிரை' என்று சொன்னால் உருவமும் இனமும் சேர்ந்து வந்துவிடும். சாதுவான மீன்கள். ஆனால் ஓடும் நீரும் நிறைய ஆக்சிஜனும் 20 முதல் 24 டிகிரி வரையிலான குளிர்ச்சியும் வேண்டும். நம் சித்திரை வெயிலில் சாதாரணத் தொட்டி அவற்றுக்குத் தாங்காது.

அப்புறம் 'ஆல்ஜி ஈட்டர்'. 'பாசிதின்னி' என்கிறார்கள். எனக்குப் 'பாசிமேயி' பிடித்திருக்கிறது. மீன் மேய்கிறது என்றுதானே பேசுகிறோம்? இந்த மீன்களும் பாறையைச் சுரண்டி மேய்பவைதான். கைரினோகைலஸை 'உறிஞ்சு பாசிமேயி' எனலாம். அயிரை என்று மட்டும் சொல்லக் கூடாது.

நம் அயிரையைத் தொட்டியில் விட்டால் பாசி போகாது. அது அடிமணலைத் துழாவி இரை தேடும் மீன். கண்ணுக்குக் கீழே சின்ன முள் உண்டு, வலையில் மாட்டும். அதனால் கிண்ணத்தால் அள்ளுங்கள். நுண்மணல் பரப்பி, ஐந்தாறாக விட்டு, மேலே மூடி போட்டுவிடுங்கள்.