கூட்டத்தில் சொன்னது கொள்கைக்குள் போகாமல் எங்கே தங்கிவிடுகிறது?

தேசியக் கொள்கை ஒன்றுக்காக ஊர் ஊராகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துபவர்களுக்குப் பொதுவாக இரண்டு கவலைகள்தான்: ஆட்கள் வருவார்களா, வந்தவர்கள் சண்டை போடாமல் பேசுவார்களா? இரண்டையும் சமாளித்துவிடலாம். கூட்டம் நன்றாகவே நடந்து, மக்களும் மனம்விட்டுப் பேசி, பேசியதில் ஒரு வரிகூட அமைச்சகத்தின் வரைவுக்குள் போகாமல் நின்றுவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. கேட்டால், அரசு காது கொடுக்கவில்லை என்பார்கள். சில நேரம் அது உண்மை. பல நேரம், காதுவரை போய்ச் சேரும் வடிவத்தில் யாரும் எதையும் எழுதி வைப்பதே இல்லை.

பெண்களின் வேலைவாய்ப்பு பற்றிய ஒரு கொள்கைக்காகக் கூட்டம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பெண் சொல்கிறார்: "கடைசி பஸ் எட்டு மணிக்கே போயிடுது. இரண்டாவது ஷிப்ட் ஒன்பதரைக்குத்தான் முடியும். அதனாலதான் வேலை கிடைச்சும் போகல." குறிப்பெடுப்பவர் எழுதுகிறார்: 'போக்குவரத்து வசதி மேம்பட வேண்டும்.' மாவட்ட அளவில் தொகுப்பவர் அதை 'உள்கட்டமைப்பு' என்ற தலைப்பில் சேர்க்கிறார். தலைநகரில் அறிக்கை எழுதுபவரின் கையில் இருப்பது 'உள்கட்டமைப்பு: 212 கருத்துகள்' என்ற ஒரு கட்டம். வேலைவாய்ப்புக் கொள்கை எழுதும் அதிகாரி அதை வைத்து என்ன செய்வார்? ஷிப்ட் நேரத்துக்கும் பஸ் நேரத்துக்கும் இடையே இருந்த ஒன்றரை மணி நேரம்தான் அந்தப் பெண் கொண்டுவந்த தகவல். அது முதல் கை மாறும்போதே போய்விட்டது.

பிரான்சில் 2019 ஜனவரியில் தொடங்கிய 'மாபெரும் தேசிய விவாத'த்தில் சுமார் 10,000 உள்ளூர்க் கூட்டங்கள் நடந்தன. நகராட்சி அலுவலகங்களில் மக்கள் கைப்பட எழுதுவதற்கென்று குறைப் பதிவேடுகளும் வைத்தார்கள். அந்தப் பதிவேடுகள் பிறகு பல ஆண்டுகள் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் கிடந்தன. ஆர்வத்துக்கு அங்கே பஞ்சமில்லை. எழுதியதைப் படிக்கும்படி தொகுப்பது எழுத வைப்பதைவிடப் பெரிய வேலை, அவ்வளவுதான்.

அதனால் திட்டமிடும்போது முதல் கேள்வி மண்டபம் பற்றியதாக இருக்கக்கூடாது. அமைச்சகத்திடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: எவையெல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டன, எவை இன்னும் முடிவாகவில்லை, வரைவு எந்தத் தேதியில் இறுதியாகும். இரண்டாவதற்குப் பதில் வரவில்லை என்றால் கூட்டம் வெறும் சடங்கு. நடத்தாமல் இருப்பதே மேல். தேதி கிடைத்துவிட்டால் அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அழைப்புக்கு நான்கு வாரம், கூட்டங்களுக்கு மூன்று, தொகுப்புக்கு மூன்று, தொகுத்ததை அந்தந்த ஊரில் மறுபடி படித்துக் காட்ட இரண்டு. பன்னிரண்டு வாரத்துக்குக் குறைவாக இருந்தால் ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், தொகுப்பு நாட்களைத் தொடாதீர்கள். இடைஞ்சல் வந்ததும் எல்லோரும் முதலில் வெட்டுவது அந்த நாட்களைத்தான்.

கேள்வி மிக அகலமாக இருந்தால் பதில் வாழ்த்துரை ஆகிவிடும். 'கல்வியை எப்படி மேம்படுத்தலாம்?' என்று கேட்டால் 'தரமான கல்வி வேண்டும்' என்பார்கள். மிகக் குறுகலாகக் கேட்டால் ஆம், இல்லை என்று கை தூக்குவதோடு முடியும். 2009 செப்டம்பரில் 38 நாடுகளில் ஒரே நாளில், காலநிலை பற்றி ஒரே தகவல் ஏட்டையும் ஒரே கேள்விகளையும் வைத்து மக்கள் உரையாடல் நடந்தது. தெரிவு விடைகளுக்கு வாக்களித்ததால் நாடுகளை ஒப்பிட முடிந்தது. ஆனால் வாக்கு எண்ணிக்கை 'ஏன்' என்பதைச் சொல்லாது. உள்ளூர் உரையாடலில் இரண்டும் வேண்டும்: எல்லா ஊருக்கும் பொதுவாக மூன்று நான்கு தெரிவுக் கேள்விகள், கூடவே ஒவ்வொரு தெரிவுக்கும் காரணம் கேட்கும் திறந்த நேரம்.

ஆட்கள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொது அறிவிப்பு மட்டும் போட்டால் எப்போதும் வருபவர்களே வருவார்கள், மனு கட்டோடு. ஊர்மக்கள் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் அழைத்து, அன்றைய கூலி இழப்பையும் பயணச் செலவையும் ஈடுகட்டி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் போட்டால் முகங்கள் மாறும். ஓர் ஊருக்கு 40 பேர், மேசைக்கு 8 பேர், ஐந்து மேசை. பத்துப் பேரைத் தாண்டினால் மேசைக்குள்ளேயே தனிப்பேச்சு தொடங்கிவிடும்.

மூன்று மணி நேரத்தை இப்படிப் பிரித்தால் சரியாக வரும்: வரவேற்பு 10 நிமிடம், தகவல் விளக்கம் 15, யாரும் பேசாமல் அவரவர் கருத்தை எழுதிக்கொள்ள 5, ஆளுக்கு மூன்று நிமிடமாக ஒரு சுற்று 25, திறந்த பேச்சு 50, இடைவேளை 15, தெரிவுகளை எடைபோட 35, குறிப்புகளை வாசித்துக் காட்ட 20, முடிக்க 5. அந்த ஐந்து நிமிட மௌனத்தை வீண் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். முதலில் பேசுபவரின் கருத்துக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசைகட்டாமல் தடுப்பது அதுதான். எழுதத் தெரியாதவர் அருகே இருக்கும் உதவியாளரிடம் மெதுவாகச் சொல்லட்டும். வரவேற்பில் ஒருவருக்கு மேல் பேசக்கூடாது. மேடை, பொன்னாடை, முன்வரிசை எல்லாம் சேர்ந்தால் அதுவே நாற்பது நிமிடத்தைத் தின்றுவிடும்.

பேச்சு சாக்கடையில் தொடங்கும், தெருவிளக்கில் தொடங்கும். தொடங்கட்டும். 'அது இன்றைய தலைப்பு இல்லை' என்று வெட்டும் நெறியாளர் அந்த மேசையையே இழந்துவிடுவார். வாசலருகே உள்ளூர்ப் புகார்களுக்கென்று ஒரு தனிப் பதிவேடும், அதை வாங்கிக்கொள்ள உள்ளாட்சி ஊழியர் ஒருவரும் இருந்தால் பாதி பாரம் இறங்கும். மீதியை நெறியாளர் கேள்விகளால் மேலே ஏற்ற வேண்டும்: உங்கள் தெருவில் மட்டுமா? இதைச் சரிசெய்யும் அதிகாரம் யார் கையில்? அவர் கையை எது கட்டுகிறது, பணமா, விதியா, சட்டமா? மூன்றாவது கேள்விக்கு விடை 'விதி' என்று வந்தால், அது தேசியக் கொள்கைக்குப் போக வேண்டிய கருத்தாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி குறிப்பெடுப்பவர். நல்ல நெறியாளரைத் தேடி அலைகிறோம். குறிப்பெழுத, கல்லூரியில் இருந்து யாரையாவது அனுப்பச் சொல்கிறோம். என் கணக்கில் இது தலைகீழ். நெறியாளர் சுமாராக இருந்தால் ஒரு மேசை சொதப்பும். குறிப்பு சுமாராக இருந்தால் அந்த மேசை நடக்கவே இல்லை என்றுதான் பொருள். ஒரு கருத்துக்கு ஓர் அட்டை. அட்டையில் மூன்று வரி: என்ன நடக்கிறது, யாருக்கு எப்போது நடக்கிறது, என்ன மாற வேண்டும். முதல் வரி பேசியவரின் வாய்ச்சொல்லாகவே இருக்க வேண்டும். 'மேம்பாடு', 'விழிப்புணர்வு', 'வசதி' போன்ற சொற்கள் எழுதுபவரின் பேனாவிலிருந்து வந்தால் அடித்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும். மேசையில் ஒருவர் மட்டும் மறுத்தால் அந்த மறுப்புக்கும் தனி அட்டை. 'பெரும்பாலோர் ஒப்புக்கொண்டனர்' என்று எழுதி அவரைக் கரைத்துவிடக்கூடாது.

ஒவ்வோர் அட்டைக்கும் எண்: ஊர், மேசை, அட்டை என்ற வரிசையில், 14-3-07 என்பது போல. தேசிய அறிக்கை எத்தனை பக்கம் ஆனாலும் ஒவ்வொரு முடிவுக்கும் கீழே இந்த எண்கள் இருக்க வேண்டும். தொகுக்கும்போது முதல் 50 அட்டைகளை இருவர் தனித்தனியாகத் தலைப்பிட்டு ஒப்பிடட்டும். ஐந்தில் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால் தலைப்புகளின் விளக்கம் தெளிவாக இல்லை, திருத்திவிட்டுத் தொடருங்கள். பத்தில் ஒன்றுக்கு மேல் 'மற்றவை'க்குள் விழுந்தால், நீங்கள் எதிர்பார்க்காத ஏதோ ஒன்றை மக்கள் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அந்தப் பெட்டியைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வாக்குறுதியில் கையிருப்பைத் தாண்டக் கூடாது. பிரான்சில் குலுக்கலில் தேர்வான 150 பேரின் காலநிலை மன்றத்திடம், உங்கள் பரிந்துரைகள் வடிகட்டாமல் போகும் என்று அதிபர் சொன்னார். 2020 ஜூனில் அவர்கள் கொடுத்த 149 பரிந்துரைகளில் மூன்றை உடனேயே ஒதுக்கினார். அதன்பின் எதை ஏற்றாலும் பேச்சு அந்த 'வடிகட்டாமல்' என்ற சொல்லைப் பற்றியே இருந்தது. அயர்லாந்தில் 99 குடிமக்களும் ஒரு தலைவரும் கொண்ட மன்றத்துக்கு என்ன கேள்வி, அதன் அறிக்கையை யார் பரிசீலிப்பார்கள் என்பதை நாடாளுமன்றத் தீர்மானமே முன்கூட்டிச் சொன்னது. கருக்கலைப்புத் தடையை மாற்ற வேண்டும் என்ற அதன் பரிந்துரை நாடாளுமன்றக் குழு வழியாக 2018 மே 25 பொதுவாக்கெடுப்புவரை போய், 66.4 சதவீத ஆதரவு பெற்றது. வழி முன்பே போட்டிருந்ததால் போனது.

எனவே அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள்: 'உங்கள் கருத்து ஏற்கப்படும் என்று உறுதி சொல்ல முடியாது. ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு இந்தத் தேதிக்குள் பதில் வரும்.' பதில் மூன்று பத்திகளில் போதும்: சொன்னது, முடிவு, காரணம். 'ஏற்கவில்லை, ஏனென்றால் இதற்கு மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும்' என்ற ஒரு வரியைக்கூட மக்கள் மதிப்பார்கள்; 'பரிசீலனையில் உள்ளது' என்பதை மதிக்க மாட்டார்கள். அட்டையின் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பேசியவர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். ஐந்து மாதம் கழித்துப் பதில் அறிக்கை வரும்போது அந்தப் பெண் தேட வேண்டியது 14-3-07 என்ற ஒரே ஓர் எண்ணைத்தான்.