ஒரு குழாய் ரத்தத்தில் யார் யாருடைய டிஎன்ஏ?

"ரத்தத்துலயே பாத்துட்டாவ, பிள்ளைக்குக் குறை இருக்காம். இனி எதுக்கு வச்சிக்கிட்டு?"

என்ஐபிடி என்னும் ரத்தப் பரிசோதனையில் ‘ஹை ரிஸ்க்’ (ஆபத்து அதிகம்) என்று அச்சடித்து வந்த தாளைக் கையில் பிடித்தபடி, அம்மாவும் மாமியாரும் கூடவர, கர்ப்பிணிகள் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். சங்கரன்கோவில் பக்கமிருந்தும் வருகிறார்கள், வள்ளியூர் பக்கமிருந்தும் வருகிறார்கள். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்: அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு எந்தக் கர்ப்பத்தையும் கலைக்கக் கூடாது. ஏன் என்று புரிய, அந்தக் குழாய்க்குள் இருப்பது யாருடைய டிஎன்ஏ என்று தெரிந்தாக வேண்டும்.

நம் உடம்பில் செல்கள் செத்துக்கொண்டே இருக்கின்றன. சாகும் செல்லின் டிஎன்ஏ சிறு சிறு துண்டுகளாக ரத்தத்தில் கலக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 166 டிஎன்ஏ எழுத்து நீளம். ரத்தத்தில் இப்படித் தனித்து மிதக்கும் டிஎன்ஏ உண்டு என்பது 1948லேயே தெரியும். கர்ப்பிணியின் ரத்தத்தில் பிள்ளையின் டிஎன்ஏவும் இருக்கிறது என்று 1997இல் ஆராய்ச்சியாளர் டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். 2011இல் அது பரிசோதனையாகச் சந்தைக்கு வந்தது. அதைத்தான் இப்போது என்ஐபிடி என்கிறோம்.

"பிள்ளையின் டிஎன்ஏ" என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, ரத்தத்தில் வருவது நஞ்சுக்கொடியின் வெளிச்செல்களிலிருந்து. நஞ்சுக்கொடியும் பிள்ளையும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவை என்பதால் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சில நேரம் நஞ்சுக்கொடியில் மட்டும் குரோமோசோம் (செல்லுக்குள் டிஎன்ஏ சுருண்டு கிடக்கும் பொதி) கோளாறு இருந்து, பிள்ளை முழு ஆரோக்கியமாக இருக்கும். பரிசோதனை தவறு செய்யவில்லை, நஞ்சுக்கொடியில் இருப்பதைச் சரியாகவே சொல்லியிருக்கும். அதைப் பிள்ளையின் மேல் ஏற்றிப் படிப்பதில்தான் பிழை.

இது ஒரு எண்ணிக்கைப் பரிசோதனை. எடுத்த துண்டுகளில் ஒரு கோடியை எண்ணினால் 21ஆம் குரோமோசோமைச் சேர்ந்தவை ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் நஞ்சுக்கொடியின் பங்கு 10 சதவீதம். பிள்ளைக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தால், அதாவது டவுன் சிண்ட்ரோம் இருந்தால், அந்த ஒன்றரை லட்சம் 1,57,500 ஆகும். அந்த 7,500 கூடுதலைத்தான் இயந்திரம் கண்டுபிடிக்கிறது. நஞ்சுக்கொடியின் பங்கு 4 சதவீதம்தான் என்றால் கூடுதல் 3,000 மட்டும். அதற்கும் கீழே போனால் எண்ணிக்கையில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துவிடும். ரிப்போர்ட்டில் ‘ஃபீட்டல் ஃபிராக்‌ஷன்’ என்று ஒரு எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், நஞ்சுக்கொடியின் பங்கு அதுதான். அந்த எண் இல்லாமல் ‘லோ ரிஸ்க்’ என்று வரும் தாளை நாங்கள் பாதித் தாளாகத்தான் எடுத்துக்கொள்வோம்.

தொடக்க வாரங்களில் இந்தப் பங்கு குறைவு. பத்து வாரம் முடியும் முன் ரத்தம் எடுக்கக் கூடாது என்பது இதனால்தான். அந்தப் பத்து வாரத்தையும் மாதவிலக்குத் தேதியை மட்டும் நம்பிக் கணக்கிடாமல், ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து உறுதி செய்ய வேண்டும். உடல் எடை கூடிய பெண்களுக்குத் தாயின் டிஎன்ஏ அதிகம் கலப்பதால் நஞ்சுக்கொடியின் பங்கு குறையும். "ரிசல்ட் வரவில்லை, மறுபடி ரத்தம் கொடுங்கள்" என்று லேப் சொன்னால், ஓரிரு வாரம் கழித்து ஒருமுறை கொடுக்கலாம். இரண்டாம் முறையும் வராவிட்டால் மூன்றாம் முறை கொடுத்து நாளைக் கடத்த வேண்டாம். 13, 18ஆம் குரோமோசோம் கோளாறுகளில் நஞ்சுக்கொடி சிறுத்து, டிஎன்ஏ குறைவாக வருவது உண்டு. ரிசல்ட் வராததே ஒரு எச்சரிக்கையாக இருக்கலாம். நேரே மரபியல் ஆலோசனைக்குப் போங்கள்.

ரத்தம் எடுப்பதில்தான் நம் ஊரில் அதிகம் கெடுகிறது. சாதாரண ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, பிரித்தாக வேண்டும். அம்பாசமுத்திரத்தில் எடுத்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பும் ரத்தத்துக்கு அது ஆகாது. வெள்ளை அணுக்கள் வழியில் உடைந்து, தாயின் டிஎன்ஏ வெள்ளமாகக் கலந்து, பிள்ளையின் பங்கை மூழ்கடித்துவிடும். அதற்காகவே செல்களை உடையாமல் பிடித்துவைக்கும் மருந்து போட்ட தனிக் குழாய் வருகிறது. அதில் 10 மில்லி, கழுத்துவரை நிரப்ப வேண்டும். பாதியில் நிறுத்தினால் மருந்தின் அளவு மிஞ்சும். குழாயைக் கைக்குக் கீழே, மூடி மேலிருக்கும்படி பிடிக்க வேண்டும். மருந்து திரும்ப நரம்புக்குள் போகக் கூடாது. எடுத்தவுடன் எட்டுப் பத்துமுறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். குலுக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. இந்தக் குழாய்களில் பரவலாக உள்ள ஒரு வகைக்குச் சொல்லப்பட்ட வரம்பு 6 முதல் 37 டிகிரி. அக்கினி நட்சத்திரத்தில் பைக் டிக்கிக்குள் வைத்து ஊர் சுற்றிவிட்டு மாலையில் கூரியரில் போட்டால் 37 எப்போதோ தாண்டியிருக்கும். தெர்மோகோல் பெட்டி கேளுங்கள், ஐஸ் போடாமல்.

படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டியவை சில உண்டு. இரட்டைப் பிள்ளையா, தொடக்க ஸ்கேனில் இரண்டாக இருந்து ஒன்று கரைந்துபோனதா, கருமுட்டை வேறொருவருடையதா, அண்மையில் ரத்தம் ஏற்றினார்களா, உறுப்பு மாற்று நடந்ததா, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போடுகிறீர்களா. கரைந்துபோன பிள்ளையின் நஞ்சுக்கொடி டிஎன்ஏ வாரக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். அதை உயிரோடிருக்கும் பிள்ளையுடையது என்று நினைத்துவிடலாம். செயற்கைக் கருத்தரிப்பு என்று வெளியே தெரியக் கூடாதென்று மறைப்பவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் புரிகிறது, ஆனால் லேபுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

"99 சதவீதம் சரியாமே, அப்புறம் என்ன சந்தேகம்?" இந்தக் கேள்விக்குப் பொறுமையாகக் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். 25 வயதில் டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. அந்த வயதில் 10,000 பேர் ரத்தம் கொடுத்தால் 10 பிள்ளைகளுக்கு உண்மையில் இருக்கும், பரிசோதனை அந்தப் பத்தையும் பிடித்துவிடும் என்றே கொள்வோம். மீதி 9,990 பேரில் ஆயிரத்துக்கு ஒருவர் வீதம் பொய்யாகக் காட்டும், அது 10 பேர். ஆக ‘ஹை ரிஸ்க்’ தாள் 20 பேர் கையில், பாதிப் பேருக்குப் பிள்ளை நல்ல பிள்ளை. இதே 40 வயதில் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. 10,000 பேரில் 100 பிள்ளைகள், 99 பிடிபடும், பொய் 10. அங்கே பத்தில் ஒன்பது உண்மை. ஒரே லேப், ஒரே தாள், ஒரே எழுத்து. வயதுதான் வேறு. 13ஆம் குரோமோசோமுக்கும், பாக்கேஜில் சேர்த்து விற்கும் நுண்ணிய இழப்புகளுக்கும் (குரோமோசோமில் சிறு துண்டு இல்லாமல்போவது) ‘ஹை ரிஸ்க்’ பொய்யாகப் போவது இதைவிட அதிகம். அந்தப் பெரிய பாக்கேஜை எல்லோருக்கும் எழுதுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை.

ஆகவே ‘ஹை ரிஸ்க்’ வந்தால் அடுத்தது பனிக்குட நீர்ப் பரிசோதனை. 16ஆம் வாரத்திலிருந்து, ஸ்கேன் பார்த்தபடி மெல்லிய ஊசியால் 15 முதல் 20 மில்லி எடுப்பார்கள். முதலில் வரும் ஓரிரு மில்லியைத் தள்ளிவிடுவார்கள், தாயின் செல் கலந்திருக்கலாம் என்பதால். அந்த நீரில் இருப்பது பிள்ளையின் சொந்தச் செல். 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்தே சதை எடுக்கும் பரிசோதனையும் உண்டு. ஸ்கேனில் எதுவும் தெரியாமல் ரத்தத்தில் மட்டும் ‘ஹை ரிஸ்க்’ என்றால் பனிக்குட நீருக்குக் காத்திருப்பது நல்லது. நஞ்சுக்கொடி சொன்னதை நஞ்சுக்கொடியிடமே மறுபடி கேட்டு என்ன பயன்? ஊசிக்கு முன் எதற்கு, என்ன ஆபத்து என்று தமிழில் விளக்கி, எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். நெகட்டிவ் ரத்த வகைத் தாய்க்கு 72 மணி நேரத்துக்குள், தாயின் உடல் பிள்ளையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

நாள் கணக்கு மிக முக்கியம். மூன்று மாதம் கழியட்டும், கண்ணுபடும் என்று வெளியில் சொல்லாமல் இருக்கிறோம். வெளியில் சொல்ல வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். 10 வாரத்தில் ரத்தம், 11 முதல் 14 வாரத்துக்குள் பிள்ளையின் கழுத்துப் பின்புற நீரை அளக்கும் என்டி ஸ்கேன், 16இல் தேவைப்பட்டால் ஊசி, செல் வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று வாரம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 19 வாரம் ஆகிவிடும். கர்ப்பத்தைக் கலைப்பதானால், கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி 20 வாரம்வரை ஒரு டாக்டர், 20 முதல் 24 வரை இரண்டு டாக்டர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு கடும் கோளாறு என்றால் மருத்துவக் குழுவின் அனுமதி வேண்டும். 18ஆம் வாரத்தில் முதல் ரத்தம் கொடுப்பவருக்கு யோசிக்கவே நாள் இருக்காது.

என்டி ஸ்கேனில் கழுத்துப் பின்புற நீர் 3.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் என்ஐபிடிக்குப் பணம் செலவழிக்காமல் நேரே ஊசிப் பரிசோதனைக்குப் போவதே சரி. ரத்தம் ‘லோ ரிஸ்க்’ என்றாலும் 18 முதல் 20 வாரத்தில் பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேனைத் தவிர்க்கக் கூடாது. இதயத்தில் ஓட்டை, முதுகுத்தண்டுப் பிளவு, உதட்டுப் பிளவு எதுவும் இந்த ரத்தப் பரிசோதனையில் தெரியாது.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு குழப்பம், சொந்தத்தில் கல்யாணம். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டியவர்கள், "சொந்தம்லா, அதனால இந்த டெஸ்ட் எடுத்துருவோம்" என்று வருகிறார்கள். டவுன் சிண்ட்ரோம் சொந்தத்தால் வருவதில்லை. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது நேரும் தற்செயல் அது, தாயின் வயதோடு கூடும். சொந்தத்தில் கூடுவது வேறு வகை: தாய் தகப்பன் இருவரும் ஒரே பழுதடைந்த மரபணுவை அறியாமல் சுமந்து, பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் நோய்கள். தலசீமியா என்னும் ரத்தசோகை நோய், பிறவிச் செவிட்டுத்தன்மையில் பல வகை, எஸ்எம்ஏ என்னும் தசை நோய். வழக்கமான என்ஐபிடி இவற்றைப் பார்ப்பதே இல்லை. ‘லோ ரிஸ்க்’ என்று நிம்மதியாகப் போன தம்பதிக்கு அப்படிப்பட்ட பிள்ளை பிறந்தால் அது அந்தப் பரிசோதனையின் தோல்வி ஆகாது, தவறான பரிசோதனை எடுத்ததன் விளைவு. இவர்களுக்கு வேண்டியது பழுதடைந்த மரபணுவைச் சுமக்கிறார்களா என்று கணவன் மனைவி இருவருக்கும் பார்க்கும் கேரியர் பரிசோதனை, முடிந்தால் கருத்தரிக்கும் முன்பே. தலசீமியாவுக்குச் சாதாரண ரத்த எண்ணிக்கையிலேயே தொடங்கலாம். எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 80க்குக் கீழே இருந்தால் ஹெச்பிஏ2 என்னும் ஹீமோகுளோபின் வகையின் அளவைப் பாருங்கள், 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் கேரியராக இருக்கலாம். குடும்பத்தில் ஏற்கெனவே நோயுள்ள பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் மரபணுவை முதலில் பார்ப்பதே வழி.

ஆணா பெண்ணா என்பது அந்த ரத்தத்தில் தெரியும். சொல்வதும் கேட்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கேட்பவருக்கே முதல் முறை 3 ஆண்டுவரை சிறையும் 50,000 ரூபாய்வரை அபராதமும் உண்டு.

இனி புற்றுநோய். புற்றுக்கட்டியின் செல்லும் சாகிறது, அதன் டிஎன்ஏவும் இதே ரத்தத்தில்தான் மிதக்கிறது. சில கர்ப்பிணிகளின் என்ஐபிடியில் ஒரே நேரத்தில் பல குரோமோசோம்கள் தாறுமாறாகத் தெரியும். பிள்ளையோ ஸ்கேனில் நன்றாக இருக்கும். அமெரிக்காவில் இப்படி விளக்கமுடியாத ரிசல்ட் வந்த 107 பெண்களை முழுதாகச் சோதித்த ஆய்வு 2024இல் வெளியானது. 52 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. ஆகவே "பல குரோமோசோம் மாறுபாடு" என்று வந்தால் பிள்ளையோடு நிறுத்தாமல் தாயையும் பரிசோதிக்க வேண்டும்.

ஏற்கெனவே புற்றுநோய் என்று தெரிந்தவருக்கு இந்த ரத்தப் பரிசோதனை இன்று உண்மையிலேயே உதவுகிறது. நுரையீரல் புற்றில் இஜிஎஃப்ஆர் என்னும் மரபணுவின் மாற்றம் ரத்தத்தில் இருந்தால் அதற்கான மாத்திரையைத் தொடங்கலாம். இதற்கான பரிசோதனைக்கு அமெரிக்க அனுமதி 2016இலேயே கிடைத்தது. ஆனால் ரத்தத்தில் இல்லை என்று வந்தால் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கட்டியே டிஎன்ஏவைச் சிந்தாமல் இருக்கலாம். சதைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

நோய் எதுவும் இல்லாதவருக்கு "ஒரே ரத்தத்தில் ஐம்பது புற்றுநோய்" என்று விற்பது வேறு கதை. அந்த வகைப் பரிசோதனை ஒன்றின் 2021ஆம் ஆண்டு ஆய்வில், நான்காம் கட்டப் புற்றில் 90 சதவீதத்தைக் கண்டது. முதல் கட்டத்தில் ஏறத்தாழ 17 சதவீதம்தான். கட்டி சிறிதாயிருக்கும்போது சிந்தும் துண்டும் குறைவு. சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்று போகிறவரிடம் அந்தச் சீக்கிரத்தில்தான் அது தடுமாறுகிறது. வயதானவர்களின் வெள்ளை அணுக்களில் தானாகச் சேரும் மாற்றங்கள் புற்றைப்போலத் தெரிந்து பயமுறுத்துவதும் உண்டு.

அந்தப் பணத்தைக் கட்டும் முன் வீட்டில் இருக்கும் ஆச்சியின் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கு, புகையிலையை ஒதுக்கிவைக்கும் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரம் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்காமை இருந்தால் உடனே காட்டுங்கள். கருப்பை வாய்க்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து பார்க்கும் பரிசோதனை உண்டு. வெள்ளையாக மாறும் இடம் அப்போதே கண்ணுக்குத் தெரியும். முப்பது தாண்டிய பெண்கள் கேட்டால் செய்வார்கள், காசு கிடையாது. மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.