ஏசி தண்ணீருக்கு வாட்டம் வேண்டும்

புதுச்சேரியில் மே மாதப் பிற்பகலில் கடல் காற்று ஏறியதும் வெயிலின் கடுமை சற்றுக் குறையும், புழுக்கம் கூடும். அந்த நேரத்தில் குருசுக்குப்பத்திலோ முத்தியால்பேட்டையிலோ நடந்து பாருங்கள். ஏசி வைத்த வீடுகளின் சுவர் ஓரமெல்லாம் ஈரமாக இருக்கும். இந்தத் தண்ணீர் வெளியே போகும்வரை யாருக்கும் கவலை இல்லை. கட்டிலுக்கு மேலே சொட்டத் தொடங்கியதும்தான் மெக்கானிக்குக்குப் போன் போகும். பத்தில் பாதி நேரம் ஏசியில் கோளாறே இருக்காது, தண்ணீர் வெளியேறும் குழாயைப் போட்ட விதத்தில்தான் இருக்கும்.

முதலில், இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி கலந்திருக்கும். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் நீராவி தண்ணீராக மாறும். ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது இதனால்தான். இன்டோர் யூனிட்டுக்குள் இருக்கும் காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) 10 டிகிரியை ஒட்டிய குளிரில் இருப்பதால், அதைத் தொட்டுப் போகும் காற்றிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடியில், பத்தடி உயரத்தில் ஓர் அறை என்றால் அதில் 34 கன மீட்டர் காற்று. அதில் 800 கிராம் தண்ணீர். அறையை 25 டிகிரிக்கும் 50 சதவீத ஈரப்பதத்துக்கும் கொண்டுவந்தால் ஏறக்குறைய பாதி, அதாவது 400 மில்லி, வெளியே வந்தாகவேண்டும். கதவைத் திறந்து மூட, ஜன்னல் இடுக்கு வழியாகப் புதுக் காற்று வர, உள்ளே இருப்பவர்கள் மூச்சு விட, மறுபடி ஈரம் சேரும். விடிய விடிய ஓடினால் சில லிட்டர் எளிதாகச் சேர்ந்துவிடும். இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த அறைக் காற்றை மட்டும் 7 டிகிரி குளிர்விக்க சுமார் 275 கிலோஜூல் வெப்பத்தை எடுத்தால் போதும். 400 மில்லி தண்ணீரைப் பிரிக்கவோ 1,000 கிலோஜூலை ஒட்டி எடுக்கவேண்டும். நம் கடற்கரை ஊர்களில் ஏசிக்குப் பெரும் பாரம் ஈரம்தான். வில்லிஸ் கேரியர் 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் முதல் நவீன ஏசியை வடிவமைத்ததும் ஓர் அச்சகத்துக்காக, ஈரத்தில் காகிதம் உப்பிச் சுருங்கியதைச் சமாளிப்பதற்காகத்தான்.

சரி, காயிலிலிருந்து வழியும் தண்ணீர் கீழே உள்ள டிரேயில் விழுகிறது. அங்கிருந்து அதை வெளியே தள்ள வீட்டு ஸ்ப்ளிட் ஏசியில் மோட்டார் எதுவும் கிடையாது. புவியீர்ப்பு ஒன்றுதான். டிரேயின் ஆழமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அதனால் குழாய் தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற இடம்வரை இறங்கிக்கொண்டே போகவேண்டும். மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது வாட்டம், அதாவது சரிவு, வேண்டும், 2 கொடுத்தால் இன்னும் நல்லது. சுவரில் போடும் ஓட்டைக்கும் இதே விதிதான்: வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கவேண்டும். ஒன்பது அங்குலச் சுவரில் தப்பித்துவிடலாம். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய வீடுகளின் தடித்த சுவரில் டிரில் கொஞ்சம் மேல்நோக்கிப் போனாலும் தண்ணீர் உள்ளேயே திரும்பும். ஓட்டையைச் சுற்றியுள்ள இடைவெளியையும் அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் வெளிக்காற்று உள்ளே வந்து யூனிட்டின் முதுகில் வியர்த்து வழியும். குழாயைக் குறை சொல்வோம், குழாய்மேல் தவறிருக்காது.

தொய்வு ஏன் இவ்வளவு ஆபத்து என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வளைகிற ஓஸ் ஓரிடத்தில் தொய்ந்து 4 சென்டிமீட்டர் மேலேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொய்வில் தண்ணீர் தேங்கும். வருகிற பக்கத்திலும் 4 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் அது தாண்டி வழியும். ஒரு தொய்வென்றால் பெரும்பாலும் சமாளித்துவிடும். இரண்டாவது தொய்வு வந்தால் இரண்டு தேக்கங்களுக்கும் நடுவே காற்று மாட்டிக்கொள்ளும். அந்தக் காற்றையும் அதற்கு அப்பால் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து முதல் தேக்கமே தள்ளவேண்டும். இப்போது தேவை 8 சென்டிமீட்டர். மூன்று தொய்வு என்றால் 12. குழாயின் வெளிமுனை டிரேயைவிட ஓர் அடி தாழ்ந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் நடுவில் காற்று நிற்கும் இறக்கங்களில் தண்ணீரின் எடை உதவிக்கு வருவதில்லை. ஓஸுக்குள் களுக் களுக்கென்று சத்தம் கேட்டால் இந்த இழுபறிதான் நடக்கிறது. வெளிமுனையைப் பக்கெட் தண்ணீருக்குள் முக்கி வைப்பதும் இன்னொரு தொய்வைச் சேர்ப்பதற்குச் சமம். முனை எப்போதும் தண்ணீருக்கு மேலேயே நிற்கட்டும்.

ஆகவே வெளியே நீண்ட தூரம் போகவேண்டுமென்றால் ஓஸை நம்பாமல் பிவிசி பைப் போட்டு, நெருக்கமாக கிளாம்ப் அடிப்பதே சரி. வெயிலில் ஓஸ் வெடித்தும் போகும். பைப்பை நேராகக் கழிவறைச் சாக்கடைக் குழாயில் செருகிவிடுவது பெரிய தவறு. அந்த நாற்றம் டிரே வழியாகப் படுக்கையறைக்கு வரும், அதிலுள்ள கந்தக வாயு செம்புக் காயிலையும் அரிக்கும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் போகும் பகுதிக்கு நுரை உறை கட்டாயம் போடவேண்டும். உள்ளே ஓடுவது குளிர்ந்த தண்ணீர் என்பதால், உறை இல்லாவிட்டால் குழாயின் வெளிப்புறமே வியர்த்து சீலிங்கில் கறை படியும்.

வேலை முடிந்ததும் மெக்கானிக் கேஸ் பிரஷர் பார்ப்பார், கூலிங் வருகிறதா என்று பார்ப்பார். அதோடு ஒரு மக்கு தண்ணீரை டிரேயில் மெல்ல ஊற்றச் சொல்லுங்கள். அதே வேகத்தில் வெளியே வந்தால் வாட்டம் சரி. விட்டு விட்டு வந்தால் அவர் ஏணியை மடக்குவதற்கு முன்பே சரிசெய்யச் சொல்லிவிடலாம். இரண்டு நிமிட வேலைதான், ஆனாலும் பலர் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நன்றாகப் போட்ட குழாயும் நாளடைவில் அடைக்கும். ஃபில்டரைத் தாண்டி வரும் தூசியும், இருட்டிலும் ஈரத்திலும் வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து கொழகொழவென்று ஒரு படலமாகும். ஏசியை அணைத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் வாக்குவம் கிளீனரை வெளிமுனையில் வைத்து இழுத்தால் அது கட்டியாக வந்து விழும். வெளியிலிருந்து உள்ளே ஊதக்கூடாது, அழுக்கெல்லாம் டிரேக்குப் போய்விடும். பிளீச்சிங் திரவம் காயிலின் அலுமினியத் தகடுகளை அரிக்கும், அதையும் தவிர்க்கவேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவினாலே படலம் சேர்வது வெகுவாகக் குறையும்.

சேரும் தண்ணீரில் உப்பு கிடையாது. தரை துடைக்க, செடிக்கு ஊற்ற அருமையானது. ஆனால் காயிலின் உலோகமும் தூசியும் கிருமியும் கலந்திருப்பதால் குடிக்கக்கூடாது, இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஊற்றக்கூடாது. பக்கெட்டை நாள்தோறும் காலி செய்துவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் அது கொசுவாகப் பறந்துவிடும்.